புகையும் மூச்சும் நடையும்

சிங்கப்பூரின் வடமேற்கே அமைந்துள்ள சுவா சூ காங் என்னும் ஊரின் பெயர், தமிழர் செவியில் விழும்போது 'சுவாசம்' என்னும் சொல்லை நினைவூட்டும். ஒலியொப்புமையன்றி இரண்டுக்கும் வேறு தொடர்பு இல்லை. 'சுவா' என்பது சீனர் குடிப்பெயர். 'சூ' என்பது வீடு. 'காங்' என்பது ஆறு. ஆற்றங்கரையில் அமைந்த சுவா குடும்பத்தாரின் இல்லம் என்பதே இப்பெயரின் பொருளாகும். ஆயினும், இவ்வூர் கடந்து வந்த பாதையை நோக்குங்கால், மனிதன் தன் மூச்சை இழந்த கதையையும் அதனை மீட்க முயலும் கதையையும் ஒருங்கே அங்குக் காணலாம்.

தோட்டமும் நகரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் இப்பகுதியின் காட்டைத் திருத்திக் காசுக்கட்டியும் மிளகும் பயிரிட்டனர். ஆற்றோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஒரு தலைவனின் பெயரால் வழங்கின. அருகிலுள்ள லிம் சூ காங் என்னும் பெயரும் இவ்வாறு தோன்றியதே. மண்ணின் வளம் குன்றிய பின்னர் அன்னாசியும் ரப்பரும் வந்தன. அவற்றையடுத்துக் காய்கறித் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் பெருகின. விடியுமுன் எழுந்து, தோளில் காவடித் தடியும் இரு வாளியுமாக நீர் சுமந்து, பொழுது சாயும்வரை மண்ணைக் கொத்தியவர் இவ்வூர் மக்கள். உடற்பயிற்சி என்னும் சொல்லை அவர்கள் அறியார். அவர்தம் வாழ்க்கையே உடற்பயிற்சியாக இருந்தது.

1980களில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. பன்றி வளர்ப்பைக் கைவிடுவதென 1984இல் அரசு முடிவு செய்தது. பண்ணைகள் மறைந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சுவா சூ காங்கில் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1999இல் நாட்டின் முதல் இலகு ரயில் தடம் இவ்வூரையும் புக்கிட் பாஞ்சாங்கையும் இணைத்தது. மின்தூக்கி வீட்டுக்குக் கொண்டு சேர்க்கிறது; ரயில் தொழிலிடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. வசதி பெருகப் பெருக, உடல் உழைப்பு வாழ்க்கையிலிருந்து விலகிப் போயிற்று. ஆனால், உழைப்பாளியோடு ஒட்டி வந்த ஒரு பழக்கம் மட்டும் விலகவில்லை. அதுவே புகைப்பழக்கம்.

புகையிலை வந்த வழி

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அதனைப் போர்த்துகீசியர் இந்தியக் கரைக்குக் கொணர்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பரின் அவைக்கு அது அறிமுகமானது. அவர் மைந்தர் ஜகாங்கீர் 1617இல் அதற்குத் தடை விதித்தார். தடை நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. திண்டுக்கல்லும் திருச்சிராப்பள்ளியும் சுருட்டுக்குப் பெயர் பெற்றன. தமிழ்ப் புலவரையும் அது விட்டு வைக்கவில்லை. அன்னத்தையும் கிளியையும் தென்றலையும் தூது விட்ட தமிழில், சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக்கிப் பழநி முருகனிடம் அனுப்பிய 'புகையிலை விடு தூது' என்னும் நூல் எழுந்தது. நஞ்சு என்று அறியாத காலத்தில் அதனை நண்பனாகக் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடலோரத்திலும் தோட்டத்திலும் பாடுபட்டவர்க்குப் புகை ஓர் ஆறுதலாயிற்று. சீனத் தொழிலாளர்க்கு அபினைக் கொடுத்து, அதன் வரியில் ஆட்சி நடத்தினர் ஆங்கிலேயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபின் வழியே வந்தது. தமிழ்த் தொழிலாளியின் மடியில் சுருட்டும் பீடியும் இருந்தன. சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதைகளில் இருந்த ஒட்டுக்கடைகள் வெற்றிலையோடும் வார இதழோடும் சிகரெட்டையும் விற்றன.

சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுருட்டின் புகை காட்டமானது. பெரும்பாலோர் அதனை வாயளவிலேயே நிறுத்திக்கொள்வர். சிகரெட்டின் புகை மென்மையானது; நெஞ்சின் அடிவரை இழுக்கத் தூண்டுவது. 1880களில் ஜேம்ஸ் பான்சாக் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய எந்திரம் நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளைச் சுற்றித் தள்ளிற்று. விலை வீழ்ந்தது, பழக்கம் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நுரையீரல் நோய்ப் பெருக்குக்கு அந்த எந்திரமே கால்கோள் எனின் மிகையாகாது.

உண்மை வெளிப்பட்ட வரலாறு

நுரையீரற் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்னும் வினாவை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்து எழுப்பியது. சாலைக்கு இடும் தார் காரணமாகலாம், ஊர்திகளின் புகை காரணமாகலாம் என ஐயுற்றனர். ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவர் லண்டன் மருத்துவமனைகளில் புற்றுநோயாளர் 709 பேரையும் பிறநோயாளர் 709 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1950இல் முடிவை வெளியிட்டனர். குற்றவாளி சிகரெட்டே என்பது தெளிவாயிற்று. ஆய்வு முடியுமுன்னரே, தாம் கண்ட சான்றுகளால் மனம் மாறி டால் தம் புகைப்பழக்கத்தைக் கைவிட்டார். கண்ட உண்மையைத் தம் மீதே முதலில் செலுத்திக்கொண்ட அச்சான்றோரின் செயல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நல்ல பாடமாகும்.

அடுத்து 1951இல் அவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். 34,439 ஆண் மருத்துவர்களின் வாழ்வும் சாவும் ஐம்பதாண்டுக் காலம் குறித்து வைக்கப்பட்டன. 2004இல் வெளிவந்த இறுதி முடிவு வருமாறு: வாழ்நாள் முழுதும் புகைத்தோர், புகையாதோரைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னரே மறைந்தனர். 60 வயதில் நிறுத்தியவர் ஏறத்தாழ 3 ஆண்டும், 50 வயதில் நிறுத்தியவர் 6 ஆண்டும், 40இல் நிறுத்தியவர் 9 ஆண்டும் திரும்பப் பெற்றனர். 30இல் நிறுத்தியவர் இழந்தது மிகச் சிறிதே.

மூச்சின் அளவைப் பற்றியும் ஆராய்ச்சி வளர்ந்தது. ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1846இலேயே ஊதும் காற்றை அளக்கும் கருவியை உலகுக்கு அறிவித்திருந்தார். அவ்வழி வந்த கருவிகளைக் கொண்டு, மேற்கு லண்டனில் பணியாற்றிய 792 ஆண்களை எட்டாண்டு தொடர்ந்து அளந்தனர் பிளெட்சர், பீட்டோ என்போர். 1977இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகில் பெயர் பெற்றது. வயது ஏற ஏற எல்லார்க்கும் ஊதும் வன்மை குறையும். புகையால் எளிதில் தாக்குறும் உடலினர்க்கு அது விரைந்து குறையும். பழக்கத்தை நிறுத்தியவுடன் இழந்தது திரும்புவதில்லை. ஆயினும் இழப்பின் வேகம் புகையாதவரின் வேகத்துக்கு இறங்கிவிடும். சரிவில் உருளும் வண்டிக்குத் தடை போடுவது போன்றது இது. வண்டி மேட்டுக்குத் திரும்பாது. பள்ளத்தில் வீழாமல் நின்று ஓடும்.

சட்டம் செய்த பணி

சிங்கப்பூர் இவ்வுண்மையைக் காலத்தே உணர்ந்த நாடுகளுள் ஒன்று. 1970இல் பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைப்பது தடை செய்யப்பட்டது. 1971இல் புகையிலை விளம்பரங்கள் விலக்கப்பட்டன. 1986இல் புகைக்காத சமுதாயத்தை நோக்கிய நாடளாவிய இயக்கம் தொடங்கிற்று. 2004இல் நோயுற்ற உறுப்புகளின் படங்கள் சிகரெட்டுப் பெட்டிகளில் இடம்பெற்றன. 2006இல் உணவங்காடி நிலையங்களுக்கும் காப்பிக்கடைகளுக்கும் தடை விரிந்தது. 2018இல் மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றமாயிற்று. சிகரெட் வாங்குவதற்குரிய வயது படிப்படியாக உயர்ந்து 2021இல் 21 ஆனது. 1992இல் நாள்தோறும் புகைத்தவர் நூற்றுக்கு 18.3 பேர், 2004இல் 12.6 பேர், 2010இல் சற்றே ஏறி 14.3 ஆகி, 2022இல் 9.2 ஆகக் குறைந்தது.

இவ்வெண்களைக் கண்டு மகிழ்வது முறையே. எனினும், இதன் மறுபக்கம் எண்ணிப் பார்க்கத்தக்கது. குறைந்துபோன அந்த எண்ணிக்கைக்குள் புகையை நிறுத்திய பல்லாயிரவர் இருக்கின்றனர். சட்டம் அவர்கள் கையிலிருந்த சிகரெட்டை எடுத்தது. நெஞ்சில் படிந்த சேதத்தை எடுக்கவில்லை. இருபதாண்டு, முப்பதாண்டு புகைத்து விட்டவர்தம் நுரையீரலை எவ்வாறு காப்பது? விட முயன்றும் இயலாதவர் என் செய்வது?

ஓய்வா, உழைப்பா?

நுரையீரல் நலிந்தவர்க்கு ஓய்வே மருந்து என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். அதற்கு மாறாகச் சிந்தித்தோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றினர். இங்கிலாந்தின் பிரிம்லியில் 1905இல் திறக்கப்பட்ட காசநோய் இல்லத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்னும் மருத்துவர், நோயாளிகளை முதலில் நடக்க வைத்தார். பின்னர்க் கூடை சுமக்க வைத்தார். தேறியபின் மண்வெட்டி பிடிக்க வைத்தார். உழைப்பை மருந்து போல் அளந்து கொடுத்தவர் அவர்.

அதே காலத்தில் சாமர்செட் வட்டாரத்து மெண்டிப் குன்றுகளில் ஒரு காசநோய் இல்லத்தை நடத்தியவர் தமிழ்நாட்டு மருத்துவர் சௌரி முத்து என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும். கணித மேதை இராமானுசன் 1917இல் அங்குத் தங்கிச் சிகிச்சை பெற்றார். தூய காற்றும் திறந்தவெளி வாழ்வும் சௌரி முத்துவின் மருத்துவத்துக்கு அடிப்படை. தாயகம் திரும்பிய அவர் 1928இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் காசநோய் இல்லம் ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் அரசு ஏற்று நடத்திய தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு வித்திட்டவர் அவரே.

அவை காசநோய்க்கு உரியன. புகையால் நுரையீரல் நலிந்தவர்பால் இவ்வெண்ணம் வந்து சேரக் காலம் பிடித்தது. 1952இல் ஆல்வன் பேராக் என்னும் அமெரிக்க மருத்துவர், மூச்சுத்திணறல் உடையோர் உயிர்வளியின் துணையோடு நடந்து பழகினால் பின்னர் அத்துணை இன்றியும் நடக்க வல்லவராவர் எனக் காட்டினார். 1960களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்பார் நடைப்பயிற்சியை நடுவாக வைத்து ஒரு சிகிச்சைத் திட்டத்தையே வகுத்தார். 2015இல், 65 ஆய்வுகளில் பங்கேற்ற 3,822 நோயாளிகளின் முடிவுகளை ஒருங்கே நோக்கியபோது, பயிற்சி பெற்றவரின் மூச்சுத்திணறல் தணிந்தது, நடை கூடியது, வாழ்வு எளிதாயிற்று என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

இதன் காரணம் எளியது. மூச்சு வாங்குகிறதே என்று அஞ்சுபவர் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் காலின் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் மிகுந்த காற்றைக் கேட்கிறது. ஆகவே மேலும் மூச்சு வாங்குகிறது, மேலும் உட்காருகிறார். இச்சுழலை அறுப்பதே பயிற்சியின் பணி. சிதைந்த காற்றறைகளை அது புதிதாக்குவதில்லை. இருக்கும் காற்றைக் கொண்டு சிக்கனமாக வாழ உடலைப் பழக்குகிறது. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்தக் கற்றுத் தரும் தாயைப் போன்றது அது.

கோப்பன்ஹேகன் தந்த சான்று

நோயுற்றபின் பயன் தருவது சரி. நோய் வருமுன் காக்குமா? இதற்கு டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் விடை தேடினர். 1981க்கும் 1983க்கும் இடையில் அளக்கப்பட்டவர்களை 1991க்கும் 1994க்கும் இடையில் மீண்டும் அளந்தனர். 6,790 பேரைப் பற்றிய அவ்வாய்வு 2007இல் வெளியாயிற்று. புகைப்போருள் உடலுக்கு ஓரளவோ மிகுதியாகவோ வேலை கொடுத்தவர்க்கு, நாட்பட்ட மூச்சடைப்பு நோய் தோன்றும் வாய்ப்பு, சோம்பியிருந்தோரைக் காட்டிலும் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்திருந்தது. ஊதும் வன்மையின் வீழ்ச்சியும் அவர்களிடம் மெதுவாக இருந்தது.

இவ்விடத்தில் நின்று நிதானித்தல் வேண்டும். "நான் நாள்தோறும் ஓடுகிறேன், ஆகவே புகைத்தாலும் கேடில்லை" என்று கூறுவோர் பலர். அவர்கள் எண்களைப் பார்க்கட்டும். கோப்பன்ஹேகன் ஆய்வில், மிகுதியாக உடல் அசைத்த புகைப்போர் ஆண்டுதோறும் காத்துக்கொண்ட மூச்சின் அளவு சுமார் 5 மில்லிலிட்டரே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986இல் தொடங்கிய மற்றோர் ஆய்வு, தொடக்கநிலை மூச்சடைப்பு உடைய 5,887 புகைப்போரைச் சேர்த்துக்கொண்டு, பதினோராண்டு நிலையை 2002இல் அறிவித்தது. அதன்படி, புகைத்துக்கொண்டேயிருந்த ஆண்கள் ஆண்டுக்கு 66 மில்லிலிட்டர் இழந்தனர். தொடக்கத்திலேயே நிறுத்திய ஆண்கள் 30 மில்லிலிட்டரே இழந்தனர். இரண்டும் வேறுவேறு மக்களிடம் நிகழ்ந்த ஆய்வுகள். நேருக்கு நேர் நிறுத்தல் முழுதும் பொருந்தாது. எனினும், பயிற்சி காப்பது ஐந்து, நிறுத்துவது காப்பது முப்பத்தாறு என்னும் ஒப்பீடு ஓர் உண்மையை உணர்த்தும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது பயிற்சி. ஓட்டையை அடைப்பது நிறுத்துதல். அடைக்காமல் ஊற்றுவோன் அறிவுடையோன் ஆகான்.

அடைப்பதற்கும் பயிற்சி துணை செய்கிறது என்பது இதன் மற்றொரு சிறப்பு. புகைக்க வேண்டும் என்னும் வேட்கை எழும்போது பத்து நிமிடம் விரைந்து நடந்தால் அவ்வேட்கை தணிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சி ஒன்றே பழக்கத்தை வேரறுக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மருத்துவர் அறிவுரையோடும் மருந்தோடும் அது சேரும்போது நல்ல தோழனாகிறது.

செய்யத்தக்கன

வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலை ஓரளவு விரைவாக இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தால் இது நிறைவேறும். நடக்கும்போது பேச இயல வேண்டும். பாட இயலாதிருக்க வேண்டும். இதுவே சரியான வேகத்துக்கு எளிய அளவுகோல். நெடுநாள் அசையாதிருந்தவர் ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். வாரத்தில் இரு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், படியேறல் போன்ற பயிற்சிகளால் தொடைத்தசையை வலுப்படுத்தல் நன்று. மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, ஊதுவது போல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது திணறலைத் தணிக்கும்.

மூச்சை ஆளும் கலையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். திருமூலர் மூச்சை உள்ளிழுத்தல், நிறுத்தல், வெளிவிடுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவு வகுத்தவர். ஆயினும், அது நலமுடைய உடலுக்கு, ஆசானின் மேற்பார்வையில் பயிலும் யோகநெறி. நுரையீரல் நலிந்தவர் நெடுநேரம் மூச்சடக்க முயலுதல் ஆகாது. நெஞ்சுவலி, இருமலில் குருதி, ஓய்விலும் திணறல் ஆகியன இருப்பின், பயிற்சிக்கு முன் மருத்துவரை நாடுதலே கடன். புகைமூட்டக் காலத்தில் வெளியே ஓடுதலும் தவறு. 2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியதை எவரும் மறந்திரார்.

வாய்ப்புகளுக்கு இந்நாட்டில் குறைவில்லை. 1982இல் பள்ளிகளில் உடலுறுதித் தேர்வு வந்தது. 1993இல் பாடாங் திடலில் பிரதமர் கோ சோக் டோங் தலைமையில் மக்கள் திரண்டு உடற்பயிற்சி செய்தனர். 2015இல் நாள்தோறும் நடக்கும் அடிகளை எண்ணிப் பரிசளிக்கும் திட்டம் பிறந்தது. சுவா சூ காங்கிலும் பூங்கா உண்டு, விளையாட்டரங்கம் உண்டு, அடுக்குமாடிகளுக்கு இடையே நிழல் தரும் பூங்கா இணைப்புப் பாதைகள் உண்டு.

ஐம்பதிலும் வளையும்

முன்னொரு நாள் காவடித் தடி சுமந்தவர் நடந்த மண்ணில் இன்று நடப்பதற்கென்றே பாதை இட்டிருக்கிறார்கள். அன்று வயிற்றுக்காக நடந்தனர். இன்று மூச்சுக்காக நடக்க வேண்டியுள்ளது.

புகைத்தவரைச் சூழும் பொய்கள் இரண்டு. ஓடினால் புகையின் கேடு தீரும் என்பது ஒன்று. கெட்ட நுரையீரல் கெட்டதே, இனி நடந்து என்ன பயன் என்பது மற்றொன்று. முன்னது செருக்கில் பிறந்தது; பின்னது சோர்வில் பிறந்தது. இரண்டுமே மனிதனை நாற்காலியிலும் சிகரெட்டிலும் பிணிப்பன. இவ்விரண்டையும் வரலாறு மறுக்கிறது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஐந்தில் வளைப்பதே ஆசிரியரின் முதற்கடமை; மாணவன் கையில் சிகரெட் ஏறாமற் காப்பதை விஞ்சிய நுரையீரற் பாதுகாப்பு வேறில்லை. ஆனால் அப்பழமொழியைச் சொல்லும் மாணவனின் வீட்டில், ஐம்பதைக் கடந்த தந்தையோ பாட்டனோ இருமிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். ஐம்பதில் நிறுத்தியவர் ஆறாண்டு பெற்றார் என்னும் கணக்கை அம்மாணவன் வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும். மாலையில் பாட்டனின் கைபற்றிப் பூங்காவரை நடக்கட்டும். முதல் நாள் ஒரு விளக்குக்கம்பம்வரை, மறுநாள் அடுத்த கம்பம்வரை. மூச்சைப் பொறுத்தமட்டில் ஐம்பதிலும் வளையும், அறுபதிலும் வளையும். வளைக்க முனைவோர்தாம் வேண்டும்.